வீட்டுக்குள் கடல்: பெற்றோர் கேள்வி பதில்

ஜூன் விடுமுறையை முன்னிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி வீட்டிலேயே என்ன சொல்லித்தரலாம், என்ன விளையாட்டுக் கொடுக்கலாம் என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கூடுமானவரை ஈரச்சந்தையிலும் சமையலறையிலும் கிடைப்பதைக் கொண்டே பதில் சொல்கிறோம்.

மூன்றரை வயது மகளுக்காக ஜெலட்டினில் நீல ஜெல்லி செய்து, மீன் பொம்மைகளைப் புதைத்து வைத்தேன். அரை மணி நேரத்தில் தட்டெல்லாம் தண்ணீர். பேசாமல், தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகளை வாங்கிவிடலாமா?
– ஒரு தாய், பொங்கோல்

அந்த மணிகள் வேண்டவே வேண்டாம். ஒன்றை விழுங்கினாலும் அது குடலுக்குள் போய் ஊதிப் பெரிதாகி அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

ஜெலட்டின் இளகியதற்கு நம் சிங்கப்பூர் வெக்கைதான் காரணம். 30 டிகிரியைத் தாண்டினாலே அது தளரத் தொடங்கிவிடும். அகார் அகார் அப்படியில்லை. 40 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும், ஆனால் மறுபடி உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். மின்விசிறிகூட இல்லாத வரவேற்பறையிலும் நிலைத்து நிற்கும். அது கடலிலிருந்தே வருவது என்பதையும் மகளுக்குச் சொல்லலாம். சிவப்புப் பாசியைக் காய்ச்சி எடுப்பதுதான் அகார். ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலும் அது கிடைக்கிறது.

10 கிராம் தூளுக்கு 1 லிட்டர் தண்ணீர் என்றால் சாப்பிடும் பதம். விரலால் தோண்டி விளையாட 1.5 லிட்டர் ஊற்றுங்கள். தூளைப் பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கிவிட்டு அடுப்பை மூட்டவேண்டும். கொதிக்கும் நீரில் கொட்டினால் கட்டி கட்டியாகும். கொதி வந்தபின் மூன்று நிமிடம் கிளறவேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் தூள் முழுதாகக் கரையாது, ஜெல்லி சரியாக இறுகாமல் தண்ணீர் விடும்.

நிறத்துக்குச் சங்குப்பூ போதும். இருபது காய்ந்த பூக்களை ஒரு கப் சுடுநீரில் ஊறவைத்து வடிகட்டி, 1.5 லிட்டரில் அதையும் ஓர் அளவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பானையில் விட்டுவிடாதீர்கள். கொதிக்கும்போது புளிப்புச் சேர்ந்தால் அகார் இறுகாது. இறுகிய நீலத் துண்டின்மேல் இரண்டு சொட்டுப் பிழிந்து பாருங்கள், சொட்டு விழுந்த இடம் ஊதாவாகும். பொம்மையைவிடப் பிள்ளைகள் இதில்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

உள்ளே வெற்றிடமுள்ள பொம்மைகள் மிதந்து மேலே வந்துவிடும். அதனால் இரண்டு தடவையாக ஊற்றுங்கள். முதல் அடுக்கு 2 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, மேலே ஆடை படிந்ததும் பொம்மைகளை லேசாக அழுத்தி நிறுத்தி, மீதியை வெதுவெதுப்பாக ஊற்றவும். முதல் அடுக்கு முழுதும் ஆறிவிட்டதா? முள்கரண்டியால் மேலே கீறிவிட்டு ஊற்றினால்தான் இரண்டும் ஒட்டும். டாய்லட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழைகிற எந்தப் பொம்மையும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது. தம்பி தங்கை இருக்கும் வீட்டில் இதைக் கவனியுங்கள். விளையாடி முடித்ததைக் குப்பையில்தான் போடவேண்டும், கழிவுநீர்த் தொட்டியில் அல்ல.

பேரனுக்கு ஒன்றரை வயது. எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறான். அவனுக்கும் ஏதாவது இருக்கிறதா?
– ஒரு பாட்டி, ஈசூன்

இருக்கிறது பாட்டி, தண்ணீர்தான். அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு டீ வடிகட்டி, அவன் வாய்க்குள் போகாத அளவில் ஒரு பெரிய சங்கு. அள்ளுவதும் ஊற்றுவதுமே இந்த வயதுக்குப் போதுமான பாடம். இன்னொரு நாள் பெரிய கிண்ணத்தில் தண்ணீரோடு ஒரு பெரிய மீன் பொம்மையை வைத்து இரவு முழுதும் உறையவிட்டு, அந்தக் கட்டியை முழுதாகக் கொடுங்கள். தட்டித் தடவியே கரைப்பான். சிறு ஐஸ் துண்டு மட்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

அந்த இரண்டு விரல் தண்ணீரிலும் குழந்தை மூழ்கக்கூடும். தொலைபேசி மணி அடித்தால் அடிக்கட்டும், எழுந்து போகாதீர்கள்.

பாட்டிலுக்குள் எண்ணெயும் நீலத் தண்ணீரும் ஊற்றி ‘அலை’ செய்தேன். ஒரே நாளில் கலங்கிப் பால்போல் ஆகிவிட்டது.
– செங்காங் வாசகி

பாட்டிலில் சோப்பு ஒட்டியிருந்திருக்கும். சோப்பு எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு பிடித்துவைத்துவிடும். நன்றாக அலசிக் கவிழ்த்துக் காயவைத்த 500 மி.லி. பாட்டிலில், பாதிக்குமேல் தண்ணீரும் இரண்டு சொட்டு நீல உணவுச்சாயமும், மீதிக்கு நிறமில்லாத பேபி ஆயில். சமையல் எண்ணெயின் மஞ்சள் நீலத்தோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும். விளிம்புவரை நிரப்புங்கள், காற்று இருந்தால் நுரைக்கும். மூடியின் மரையைத் துடைத்துக் காயவைத்துப் பசை போட்டு மூடுங்கள். குலுக்காமல் சாய்த்துச் சாய்த்துக் காட்டவேண்டும்.

ஆறு வயது இரட்டையர். 2024இல் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் எண்ணெய் படிந்த படத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, சோப்புப் போட்டுக் கழுவ முடியாதா?” என்று கேட்கிறார்கள்.
– ஒரு தந்தை, தெம்பனிஸ்

நல்ல கேள்வி. பதிலை அவர்களே கண்டுபிடிக்கட்டும். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று, நின்றிருந்த எரிபொருள் கப்பலில் மோதியதில் ஏறத்தாழ 400 டன் எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசாவிலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் படிந்தது.

வெள்ளைத் தட்டில் 3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். 2 மேசைக்கரண்டி சமையல் எண்ணெயில் 1 தேக்கரண்டி கொக்கோ தூளைக் குழைத்து நடுவில் ஊற்றுங்கள். பிள்ளைகள் கையில் பஞ்சு, ஸ்பாஞ்சு, தேங்காய் நார், ஒரு கரண்டி. எதை முதலில் எடுப்பது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். நனைந்த பஞ்சு எண்ணெயை உறிஞ்சாது, காய்ந்ததுதான் உறிஞ்சும். நாரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். கரண்டியில் தண்ணீர்தான் அதிகம் வரும்.

அடுத்து உறிஞ்சுகுழல்களை டேப்பால் வளையமாக ஒட்டி, எண்ணெயைச் சுற்றி மிதக்கவிடுங்கள். கப்பல்கள் விரித்த மிதவைத் தடுப்பும் இதே வேலையைத்தான் செய்தது. விசிறியால் வீசி அலை எழுப்பினால் எண்ணெய் வளையத்தைத் தாண்டி ஓடும். நிஜக் கடலிலும் சிக்கல் அங்கேதான்.

சோப்பைக் கடைசிக்கு வையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு. எண்ணெய் ஓரத்துக்கு ஓடும், கலக்கினால் காணாமல் போகும். “போயிடுச்சு!” என்பார்கள். அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் காட்டுங்கள், பழுப்பாகக் கலங்கியிருக்கும். எண்ணெய் எங்கும் போகவில்லை, துளித்துளியாக உடைந்து தண்ணீருக்குள் இருக்கிறது. பிறகு பழைய செய்தித்தாளில் ஊறவைத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

ஏழு வயது மகளுக்குத் திமிங்கிலப் பைத்தியம். வண்ணம் தீட்டும் தாள்கள் சலித்துவிட்டன. வேறென்ன செய்யலாம்?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

தாள்கள் சலிக்கத்தான் செய்யும். ஒரு நூல்கண்டோடு ஆரம்பியுங்கள். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அப்பால் இறந்து மிதந்த பெண் எண்ணெய்த் திமிங்கிலத்தின் நீளம் 10.6 மீட்டர். அதன் எலும்புக்கூடு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் தொங்குகிறது. அந்த அளவுக்கு நூலை வெட்டி வீட்டில் விரித்துப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பெரும்பாலும் அடங்காது, புளோக்கின் கீழ்த்தளத்துக்குத்தான் போகவேண்டும்.

அதன் வயிற்றில் பிளாஸ்டிக் குப்பையோடு கணவாய் அலகுகளும் கிடைத்தன. கணவாயின் உடல் செரித்துவிடும், அலகு செரிக்காது. அந்த அலகை மகள் தன் கையாலேயே எடுக்கலாம்.

காலையில் ஈரச்சந்தையில் சுத்தம் செய்யாத, ஒரு சாண் நீளச் சோத்தோங் (கணவாய்) இரண்டு வாங்குங்கள். உறைய வைத்ததில் மைப்பை உடைந்திருக்கலாம், புதியதே நல்லது. கடல் உணவு ஒவ்வாத பிள்ளைக்கு இது வேண்டாம். தட்டில் வைத்ததும் கைகளை எண்ணச் சொல்லுங்கள். குட்டைக் கைகள் எட்டு, நீண்டவை இரண்டு. நீண்டவற்றில் உறிஞ்சிகள் நுனியில் மட்டும்தான் இருக்கும். தலைக்கடியில் ஒரு குழாய் தெரியும். அதன் வழியே தண்ணீரைப் பீய்ச்சித்தான் கணவாய் பாய்கிறது. ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டுக் காட்டினால் உடனே புரிந்துகொள்வாள்.

குழாய் இருக்கும் பக்கமாக, விளிம்பிலிருந்து நுனிவரை கத்தரியால் நீங்கள் வெட்டித் திறந்து கொடுங்கள். குடலின்மேல் வெள்ளியாய் மினுங்கும் மெல்லிய பைதான் மைப்பை. முதுகுப் பக்கம், கழுத்தருகே தடவினால் கண்ணாடி போன்ற ஒரு தண்டின் முனை அகப்படும். மெதுவாக இழுத்தால் முழுதாக வரும், வெடுக்கென்று இழுத்தால் முறியும். கணவாயின் முன்னோருக்கு இருந்த ஓட்டில் மிஞ்சியது அவ்வளவுதான். கைகளை வெளிப்பக்கமாக மடக்கி நடுவில் அழுத்தினால் கறுப்பாய்க் கிளியின் மூக்குபோல அலகு துருத்திக்கொண்டு வரும். இரண்டு பாகம், ஒன்றோடொன்று கவ்வும். மைப்பையைக் கிண்ணத்தில் குத்தி, ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, அந்தத் தண்டின் முனையைத் தொட்டுப் பெயர் எழுதலாம். துணியில் பட்டால் போகாது, பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள்.

எல்லாம் அரை மணிக்குள் முடிந்தால், கழுவிப் பொரிக்கவும் செய்யலாம்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள் இரண்டு நாளில் நாறுகின்றன. என்ன செய்ய?
– பாசிர் ரிஸ் வாசகி

உள்ளே உயிர் இருந்திருக்கும். காலி ஓடு என்றாலும் துறவி நண்டு குடியேற அது வேண்டும், கரையிலேயே விட்டுவிடுங்கள். லாலா எனும் சிப்பியைச் சமைக்கும் நாளில் ஓடுகளை எடுத்து ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஒட்டியிருக்கும் தசையைச் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும். ஒன்றை அரை டம்ளர் வெள்ளை வினிகரில் போட்டு வையுங்கள். ஓட்டின் சுண்ணாம்பு கரைந்து குமிழி குமிழியாய்க் கரியமிலவாயு கிளம்பும், நாளாக ஆக ஓடு மெலியும். டம்ளரை மூடிபோட்டு இறுக்காதீர்கள்.