விவேக் பற்றிய ஃபார்வர்டு: அம்மாவிடம் என்ன சொல்வது?

சகோ, நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசியால்தான் இறந்தார் என்ற வாட்ஸ்அப் குரல்பதிவைக் கேட்டு, சர்க்கரை உள்ள உங்கள் அம்மா தடுப்பூசி வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதில் தேதிகள் சரிதான்: 2021 ஏப்ரல் 15 கோவாக்சின் போட்டார், 17 அன்று காலமானார். அதனால்தான் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்ததாக மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் 2021 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது.

குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் "இது பொய்ம்மா" என்று போடாதீர்கள், வீம்புதான் கூடும். தனியே உட்கார்ந்து அவர் பயத்தை முழுதாகக் கேளுங்கள். அப்புறம் சர்க்கரைக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே கூட்டிப்போங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள், கூடவே இருங்கள்.