வயர் அண்ணையின் பதில்கள்: ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கக் கமரா

கேள்வி: அண்ணை, எங்களிடம் ஒரு டபிள் கப் இருக்கிறது. அதன் பின்னால் கொழுவி இழுக்கிற மாதிரி, படுக்கையும் குசினித் தட்டும் வைத்து 18 அடியில் ஒரு ரெயிலரை வெல்டிங் மச்சானைக் கொண்டு செய்வித்தோம். ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போனால் கூடாரம் அடிக்கிற பாடு இல்லை. முன்னுக்கு ஓடச் சுகம். பின்னுக்கு எடுக்கத்தான் சீவன் போகிறது. கனடாவில் இருக்கிற அண்ணா தன்னுடைய ரெயிலருக்குப் பூட்டியது போல வயர்லெஸ் கமரா வாங்கி வருகிறேன் என்கிறார். இரண்டு படம் அனுப்பியிருக்கிறார். ஒன்று லைற் வயரில் பூட்டுகிற கமரா, 7 அங்குல மொனிற்றரோடு. மற்றது பற்றரியில் வேலை செய்கிற மக்னற் கமரா. எதை வாங்கச் சொல்ல?
— வாசகர், மாங்குளம்

பதில்: லைற் வயரில் பூட்டுகிறதை வாங்கச் சொல்லுங்கோ தம்பி. மக்னற் கமரா ரெயிலரைக் கொழுவுகிற நேரத்துக்கு நல்ல சாமான். கொழுவிக்கு மேலே ஒட்டிவிட்டு, வாகனத்தின் கொழுவிக் குண்டு எங்கே, அதில் கவிழ்கிற ரெயிலரின் கிண்ணம் எங்கே என்று பார்த்துக்கொண்டு வாகனத்தைப் பின்னுக்கு விடலாம். ஆனால் உங்கள் தேவை அதுவல்ல. அதன் பற்றரியைத் திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ண வேண்டும், திருவிழாச் சனத்துக்குள் போய் நிற்கிற நேரம்தான் அது செத்துக் கிடக்கும். அலுமினியத்திலும் ஃபைபரிலும் மக்னற் ஒட்டாது என்பதையும் அண்ணாவுக்குச் சொல்லுங்கோ. மச்சான் இரும்புத் தகரம் அடித்திருந்தால் உங்களுக்கு ஒட்டும், ஒட்டினாலும் எங்கள் கிரவல் றோட்டில் நான் அதை நம்ப மாட்டேன்.

இனி, அண்ணாவின் ரெயிலரையும் உங்களுடையதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். அந்தப் பக்கத்து ரெயிலர்கள் கனக்கவற்றில் ஃபூரியன் போன்ற கொம்பனிகளின் கமராவுக்கென்று தாங்கியும் வயரும் செய்கிற இடத்திலேயே வைத்து வருகிறது. மூடியைக் கழற்றிக் கமராவைச் செருகினால் வேலை முடிந்தது. உங்களுடையதில் மச்சான் விட்ட வயர் மட்டும்தான். ஆகவே அந்தத் தாங்கிக்கென்றே செய்த கமரா வேண்டாம். சிவப்பு, கறுப்பு என்று இரண்டு வயர் வெளியே விட்டு, நாலு ஸ்குறூவில் பூட்டுகிற கமராவாகப் பார்க்கச் சொல்லுங்கோ.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது படம் எவ்வளவு தெளிவு என்று. நான் முதலில் கேட்பது கரன்ட் எங்கிருந்து வரும் என்று. வயர்லெஸ் கமராவில் படம்தான் காற்றில் வரும், கரன்ட் வயரில்தான் வர வேண்டும். றிவேர்ஸ் லைற்றில் பூட்டினால் கியர் போட்டதும் கமரா தானாக எழும்பும் என்று சொல்லுவார்கள். உங்கள் ரெயிலருக்கு றிவேர்ஸ் வயர் போகிறதா? டபிள் கப்பின் பின் சொக்கெற்றைத் திறந்து பாருங்கோ. உருண்டைப் பின் ஏழு உள்ள ஐரோப்பிய வகை என்றால் இரண்டு பக்கச் சிக்னல், பார்க் லைற், பிறேக், கரன்ட் திரும்பிப் போகிற எர்த் எல்லாம் இருக்கும், றிவேர்ஸ் இருக்காது. தட்டைப் பின் ஏழு உள்ள அமெரிக்க வகையில் நடுப்பின்தான் றிவேர்ஸ். நாலு பின் சொக்கெற் என்றால் அந்தப் பேச்சே இல்லை.

றிவேர்ஸ் வயர் இல்லையென்றால் கவலை வேண்டாம். பின் பார்க் லைற் வயரில் பூட்டுங்கோ. கனடாவிலும் பெரும்பாலும் அப்படித்தான். பகலிலும் பார்க் லைற்றைப் போட்டால்தான் படம் வரும், அவ்வளவுதான் கரைச்சல். அதில் ஒரு நன்மையும் உண்டு: ஓடுகிற நேரமும் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்கலாம். ஏ-9 வீதியில் 18 அடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு நடுக்கண்ணாடியில் தெரிவது தன் பெட்டியின் நெற்றி மட்டும்தான்.

எர்த் விசயத்தில் மச்சானோடு ஒருக்கால் கதையுங்கோ. கனபேர் ரெயிலருக்குத் தனி எர்த் வயர் விடாமல் கொழுவிக் குண்டின் இரும்பையே நம்புவார்கள். குண்டில் கிறீஸ் இருக்கும், துரு இருக்கும், குலுங்கக் குலுங்கத் தொடுகை விட்டு விட்டு வரும். பிறேக்கை மிதித்ததும் மொனிற்றரில் படம் மறைந்து, காலை எடுத்ததும் திரும்ப வந்தால் கமராவைக் குறை சொல்லாமல் எர்த்தைப் பாருங்கோ. சொக்கெற்றின் எர்த் பின்னிலிருந்து கமரா வரை தனி வயர் விட்டு, பிளஸ் வயரில் ஒரு சின்னப் பியூசும் போட்டால் அந்தத் தலையிடி தீர்ந்தது.

அடுத்தது சிக்னல். அனலொக் வேண்டாம், டிஜிற்றல் என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸில்தான் பெரும்பாலும் வேலை செய்யும். வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான். அனலொக் ஒரே சனலில் நின்று கத்தும், பக்கத்தில் எது வந்தாலும் படத்தில் கோடு விழும். அதே வகைக் கமராவோடு இன்னொருவர் பக்கத்தில் நின்றால் அவருடைய படமே உங்கள் மொனிற்றரில் வந்தாலும் வரும். டிஜிற்றல், தன் மொனிற்றரோடு சோடி சேர்ந்து, சனலை மாற்றி மாற்றித் தாவும். மடுவில் ஆளுக்கொரு போனில் ஹொட்ஸ்பொட் போட்டிருக்கிற இடத்தில் அதுதான் தாக்குப் பிடிக்கும்.

பெட்டியில் 200 அடி, 300 அடி எட்டும் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது வெட்டை வெளிக் கணக்கு. உங்கள் கணக்கு ரெயிலர் 18, அதன் மூக்கு ஒரு நாலு, வாகனத்தின் பின்பகுதி ஒரு பன்னிரண்டு, ஆகக் கிட்டத்தட்ட 35 அடிதான். ஆனால் நடுவில் நிற்பது மச்சானின் இரும்புத் தகரம். இந்த அலை தகரத்தை ஊடுருவாது, சுற்றித்தான் வர வேண்டும். ஆகவே கமராவைப் பின்சுவரின் மேல் விளிம்பில் வைத்து, அன்ரெனா கூரைக்கு மேலே தலைநீட்டுகிற மாதிரிப் பூட்டுங்கோ. அன்ரெனாவைக் கழற்றி நீட்டு வயர் போடக்கூடிய மொடலாக இருந்தால் இன்னும் நல்லது, அதை ரெயிலரின் முன்நெற்றிக்குக் கொண்டுவந்து விடலாம். வளைந்து பின்னுக்கு எடுக்கிற நேரம் வாகனமும் பெட்டியும் ஒரு கோட்டில் நிற்காது. சிக்னல் விடுவதென்றால் அந்த நேரத்தில்தான் விடும்.

அண்ணா அங்கிருந்தே ஒரு சோதனை செய்யலாம். படம் எவ்வளவு பிந்தி வருகிறது என்று பார்க்கிற சோதனை. போனில் ஸ்ரொப்வோச்சை ஓடவிட்டுக் கமராவின் முன் பிடிக்க வேண்டும். போனும் மொனிற்றரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இன்னொரு போனால் ஒரு படம் எடுத்தால், இரண்டிலும் தெரிகிற நேர வித்தியாசம்தான் பிந்துகிற அளவு. ஆள் நடக்கிற வேகம், அதாவது மணிக்கு 5 கிலோமீற்றரில் பின்னுக்கு எடுத்தால் ஒரு செக்கனுக்கு 1.4 மீற்றர் போகும். 0.2 செக்கன் பிந்தினால் 28 சென்ரிமீற்றர், அது பரவாயில்லை. அரைச் செக்கன் பிந்தினால் 70 சென்ரிமீற்றர். பாலை மரத்தில் இடித்த பிறகுதான் படத்தில் மரம் கிட்ட வரும்.

படத் தெளிவு 720 இருந்தாலே போதும், 7 அங்குலத் திரையில் அதற்கு மேல் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. லென்ஸ் 120 பாகைக்குக் கிட்டவாக இருக்கட்டும். 170 பாகை என்றால் எல்லாம் தெரியும், ஆனால் எல்லாம் தூரத்தில் நிற்கிற மாதிரித் தெரியும். தூசி, தண்ணீருக்கு ஐபி 67 கட்டாயம். 6 என்பது தூசி புகாது, 7 என்பது ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். சேர்விஸ் ஸ்ரேசனில் அமுக்கத் தண்ணீரைக் கிட்டப் பிடித்து அடிக்க அது போதாது, அதற்கு 69கே என்று போட்டிருக்க வேண்டும். ஆவணிப் புழுதிக்குக் கண்ணாடி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் செம்மண் பூசிக்கொள்ளும், துணியைக் கதவுப் பெட்டியில் வைத்திருங்கோ. இரவுக்கு இன்ஃப்ராறெட் லைற் இருந்தால் நல்லது, படம் கறுப்பு வெள்ளையில் வரும். சிலந்தி அதில் வலை பின்னினால் வலைதான் வெள்ளையாக எரியும், வேறொன்றும் தெரியாது.

சாய்வைச் சரிபண்ணும்போது படத்தின் அடி விளிம்பில் உங்கள் பம்பர் கொஞ்சம் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் எவ்வளவு தூரம் என்று கண் கணிக்கும். இடம் வலம் மாறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், செற்றிங்கில் மிறர் என்று ஒன்று இருக்கும், மாற்றிவிடுங்கோ.

ஒன்றைக் கமரா காட்டவே காட்டாது: பெட்டி எவ்வளவு மடிந்து நிற்கிறது என்பதை. பெட்டியின் முன்மூலை டபிள் கப்பின் பின்மூலையில் உரசப் போவது பக்கக் கண்ணாடியில்தான் தெரியும். முடிந்தவரை உங்கள் பக்கம், அதாவது வலப்பக்கம் வளைகிற மாதிரி இடத்தைத் தெரிந்தெடுங்கோ, யன்னலால் தலையை நீட்டிப் பார்க்கலாம். ஸ்ரேறிங்கின் அடியில் கையை வைத்து, பெட்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோங்கோ.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார்களுக்குப் பின்கமரா கட்டாயம். அந்தச் சட்டம் இழுத்துச் செல்கிற ரெயிலருக்குப் பொருந்தாது. அண்ணாவும் தன்னுடையதைத் தனியாக வாங்கியது அதனால்தான்.

கேள்வி: அண்ணை, என் கணவர் ட்ரக்டரில் தண்ணீர்ப் பவுசர் இழுக்கிறார். கோடையில் வளவு வளவாகப் பின்னுக்கு விட்டுத்தான் தாங்கிகளை நிரப்ப வேண்டும். தண்ணீர் வந்திட்டுது என்று பிள்ளைகள் ஓடி வந்து பவுசருக்குப் பின்னால் நிற்குதுகள். எனக்கு நெஞ்சு பதறுது. கமரா பூட்டலாமா?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பூட்டலாம் தங்கச்சி, ஆனால் இப்போதைக்கு அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம். ட்ரக்டரில் கூரை இல்லை, பன்னிரண்டு மணி வெயிலில் மொனிற்றரில் ஒன்றும் தெரியாது. கமரா மழை தாங்கும், மொனிற்றர் தாங்காது. அதோடு கனக்கப் பவுசர்களில் பின் லைற்றுக்கே வயர் ஒழுங்காக இருப்பதில்லை.

12 வோல்ட் றிவேர்ஸ் அலாம் ஒன்று வாங்கச் சொல்லுங்கோ. லொறி பின்னுக்கு எடுக்கக் கீக் கீக் என்று கத்துமே, அதுதான். கியரில் சுவிச் இல்லாவிட்டால் அமத்துகிற சுவிச் ஒன்றை ஸ்ரேறிங்குக்குக் கிட்ட வைக்கலாம். அலாமைப் பவுசரின் பின்னால் பூட்டுவது நல்லது, வயர் விட முடியாவிட்டால் ட்ரக்டரின் மட்காட்டில் பின்பக்கம் பார்த்துப் பூட்டட்டும். இரண்டு பக்கமும் குவிவான பெரிய கண்ணாடி.

இதற்கெல்லாம் முதல், வளவுக்காரரில் ஒருவர் பின்னால் வந்து நின்று கை காட்டும் வரை ட்ரக்டர் பின்னுக்கு அசையக்கூடாது என்று உங்கள் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கோ. ஆளைக் கண்ணாடியில் காணவில்லையா, உடனே நிறுத்த வேண்டும். ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன். அரைவாசி நிரம்பின பவுசரில் பிறேக் அடித்த பிறகும் தண்ணீர் அலைந்து வந்து ஒரு தள்ளுத் தள்ளும். பவுசருக்குத் தனிப் பிறேக் இல்லாவிட்டால் அந்தத் தள்ளு ட்ரக்டரையும் சேர்த்து நகர்த்தும். பிள்ளைகளைத் தாங்கிக்கு மற்றப் பக்கம் நிற்கச் சொல்வதென்றால் அதையும் வளவுக்காரர்தான் சொல்ல வேண்டும், ஓட்டுகிறவர் கத்துவது இஞ்சின் சத்தத்தில் கேட்காது.

கேள்வி: மொனிற்றரே இல்லாமல் போனில் படம் பார்க்கிற வைஃபை கமரா மலிவாக வருகிறதே, வாங்கலாமா?
— வாசகர், வவுனியா

பதில்: கொழுவிக் குண்டைப் பார்க்க மட்டும் என்றால் வாங்கலாம். பின்னுக்கு எடுக்க வேண்டாம். படம் பிந்தும், நடுவில் அழைப்பு வந்தால் படம் மறையும். கமராவின் வைஃபையில் இன்ரநெற் இல்லையென்று போன் தானாகவே டேற்றாவுக்குத் தாவிவிடும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சிம் போடாத பழைய போன் ஒன்றை அதற்கென்று ஒதுக்கி, சார்ஜர் வயரோடு டாஷ்போட்டில் வையுங்கோ.