ஐஸ் உருகட்டும்: இலையுதிர் காலக் காக்டெயில், கேள்வி பதில்

இலையுதிர் காலம் வந்தால் ஜின்னும் டானிக்கும் பின்னால் போய் விஸ்கியும் பிராந்தியும் முன்னால் வந்துவிடும். வீட்டில் பழைய காக்டெயில்களைக் கலந்து பார்க்க இதைவிட நல்ல பருவம் இல்லை என்பது என் எண்ணம். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒன்று: வெர்மூத் என்பது ஒயின். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, எதுவுமே தெரியாது. முதலில் எதைக் கலக்கலாம்?

ஓல்டு ஃபேஷன்ட். 60 மில்லி போர்பன் அல்லது ரை விஸ்கி, ஒரு டீஸ்பூன் சர்க்கரைப் பாகு, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (மூலிகைகள் ஊறிய கசப்பான மது) இரண்டு உதறல், ஐஸ். அரை நிமிடம் கலக்கினால் முடிந்தது. அப்புறம் ஆரஞ்சுத் தோல். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி அதிகம் வராமல் கட்டைவிரல் அகலத்துக்குச் சீவி, வெளிப்பக்கம் கிளாஸைப் பார்க்க இருக்கும்படி பிடித்து, இரு விரல்களால் மடக்கி அழுத்துங்கள். விளக்குக்கு எதிரே செய்தால் எண்ணெய் பொடிப் பொடியாகத் தெறிப்பது கண்ணுக்கே தெரியும். மூக்குக்கு முதலில் எட்டுவது அந்த மணம்தான், அதனால் தோலை விட்டுவிடாதீர்கள். இந்தப் பருவத்துக்குப் பாகுக்குப் பதில் மேப்பிள் சிரப் ஊற்றலாம், ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருக்கிறது, முக்கால் டீஸ்பூன் போதும்.

கேள்வி: பாகு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்?

பதமே வேண்டாம். கம்பிப் பதம் வந்தால் ஐஸில் பட்டதும் இறுகிவிடும். சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு, கரைந்தால் போதும். சூடாக இருக்கும்போதே ஒரு லவங்கப்பட்டையைப் போட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்துவிட்டால் இலையுதிர் காலப் பாகு தயார். ஃபிரிட்ஜில் வைத்து மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: மன்ஹாட்டன் செய்தேன், தொண்டையைக் கிழிக்கிறது. நீர்த்துப் போகக் கூடாதென்று விஸ்கி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து ஐஸே இல்லாமல் ஊற்றினேன். எங்கே தப்பு?

நீர்த்துப் போகக் கூடாது என்று நினைத்ததுதான் தப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் கெட்டுப்போகும் காக்டெயில்களில் பாதி இந்த ஒரு பயத்தால்தான் கெடுகின்றன.

60 மில்லி ரை, 30 மில்லி சிவப்பு இனிப்பு வெர்மூத், இரண்டு உதறல் பிட்டர்ஸ். ரையில் ஆல்கஹால் 45 சதவீதம், வெர்மூத்தில் 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கலவை ஏறக்குறைய 35 சதவீதம். நீங்கள் குடித்தது இதுதான். ஐஸ் நிறைந்த ஜாடியில் அரை நிமிடம் கலக்கினால் 20 முதல் 25 மில்லி தண்ணீர் சேரும், 35 என்பது 28 பக்கம் இறங்கும். காட்டம் அடங்கும், அதற்கடியில் மறைந்திருந்த வெர்மூத்தின் மூலிகை மணம் மேலே வரும்.

தண்ணீர் தப்பித்தவறி சேர்வது அல்ல, அதுவும் ஒரு சேர்மானம். 1806 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் வெளிவந்த பத்திரிகை ஒன்றில், காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டார். ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று ஆசிரியர் பதில் எழுதினார். அந்தப் பதிலிலேயே தண்ணீர் இருக்கிறது.

கேள்வி: இதை ஒத்துக்கொள்ள முடியாது சார். நல்ல சரக்கில் தண்ணீர் சேர்ப்பது அதை அவமதிப்பது. நான் விஸ்கிக் கற்களை உறைய வைத்துப் போடுகிறேன். குளிரும், நீர்க்காது.

நீர்க்காது என்பது சரி. குளிரும் என்பதுதான் பாதி உண்மை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஒரு கிராம் கல், −18 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வரும்போது சுமார் 4 கலோரி வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது மட்டும் 80 கலோரியை உறிஞ்சும். குளிர்ச்சி வருவதே உருகுவதால்தான். உருகவும் கூடாது, நன்றாகக் குளிரவும் வேண்டும் என்றால் அது கல்லால் ஆகிற காரியம் இல்லை.

கேள்வி: அப்படியானால் பெரிய ஐஸ் கட்டி, தெளிந்த ஐஸ் கட்டி என்று எல்லோரும் சொல்வது எதற்கு? அவர்களும் உருகக் கூடாது என்றுதானே பார்க்கிறார்கள்?

நல்ல கேள்வி. ஜாடியில் கலக்கும்போது சாதாரணக் கட்டிகளே போதும், அங்கே உருக வேண்டும். கிளாஸில் ஊற்றிய பின் நீங்கள் இருபது நிமிடம் உட்கார்ந்து குடிப்பீர்கள், அங்கே மெதுவாக உருக வேண்டும், அதற்குத்தான் பெரிய கட்டி. தவிர்க்க வேண்டியது ஈர ஐஸ். கட்டியின் மேல் வழிகிற தண்ணீர் குளிர்ச்சியை அதிகம் தராமல் நீர்க்க மட்டும் செய்யும், அதை வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஃப்ரீசரில் வைத்த விஸ்கியிலேயே தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டால் ஐஸே தேவையில்லையே?

ஆமாம், முழுக்கச் சரி. விருந்தாளிகள் வரும் நாளில் நானே அப்படித்தான் செய்கிறேன். பத்துப் பேருக்கு 600 மில்லி ரை, 300 வெர்மூத், 220 தண்ணீர், பிட்டர்ஸ் 15 உதறலில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுவேன். பாட்டிலில் அடைத்துக் காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மாலையில் ஊற்ற வேண்டியதுதான். ஆக, ஐஸ் வேண்டாம் என்றால் பரவாயில்லை. தண்ணீர் வேண்டாம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கற்களைப் பற்றி எழுதியவருக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை ஒரு மன்ஹாட்டனை அளந்து ஊற்றி, ஜாடியின் வெளிப்புறம் பனி பூத்து விரல் வலிக்கிற அளவு குளிரும்வரை கலக்கி, வடித்துத் திரும்ப அளந்து பாருங்கள். பக்கத்தில் கல் போட்ட கிளாஸையும் வையுங்கள்.

கேள்வி: குலுக்குவதா கலக்குவதா?

பழச்சாறு, முட்டை, கிரீம் இருந்தால் ஷேக்கரில் குலுக்குங்கள். வெறும் சரக்கும் வெர்மூத்தும் என்றால் கலக்குங்கள்.

கேள்வி: மன்ஹாட்டனைக் குலுக்கலாமா?

மேலே சொன்னதுதான். விஷம் ஆகாது, கலங்கி நுரை கட்டும்.

கேள்வி: ஆப்பிள் பருவம் ஆயிற்றே, அதற்கு என்ன இருக்கிறது?

ஜாக் ரோஸ். இந்தப் பருவத்துக்கு நான் முதலில் கை வைப்பது இதில்தான். 60 மில்லி ஆப்பிள் பிராந்தி, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 20, கிரெனடின் 15, ஐஸோடு பன்னிரண்டு விநாடி குலுக்கி வடியுங்கள். கிரெனடின் என்பது மாதுளைப் பாகு. கடையில் கிடைப்பதில் பல வெறும் சிவப்புச் சாயமும் சர்க்கரையும்தான். மாதுளைச் சாற்றில் சம அளவு சர்க்கரையைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் கரைத்தால் வீட்டிலேயே வந்துவிடும், நிறமும் துவர்ப்பும் வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: ஆப்பிள் சைடரை (புளிக்கவைத்த ஆப்பிள் சாறு) உறைய வைத்து, ஐஸை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிராந்தியாக்கலாம் என்கிறார்களே?

செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் மட்டும்தான் வெளியேறும், மெத்தனால் உட்பட வேண்டாதவை எல்லாம் செறிந்து உள்ளேயே நிற்கும். பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

கேள்வி: சளி பிடித்திருக்கிறது, மாத்திரை போட்டிருக்கிறேன். ஹாட் டாடி (விஸ்கி கலந்த வெந்நீர்) குடிக்கலாமா?

வேண்டாம். பாரசிட்டமாலும் மதுவும் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடு வரலாம், சளி மாத்திரைகள் பலவற்றோடு மது சேர்ந்தால் மயக்கம் கூடும். மருத்துவரைக் கேளுங்கள். டாடி சளியைக் குணப்படுத்துவதும் இல்லை. உடம்பு சரியான பிறகு 45 மில்லி விஸ்கி, ஒரு டீஸ்பூன் தேன், கொஞ்சம் எலுமிச்சை, 120 மில்லி வெந்நீர். சூட்டைத் தண்ணீர் கொண்டுவரட்டும், விஸ்கியை அடுப்பில் வைக்காதீர்கள், ஆவி தீப்பிடிக்கும்.

கேள்வி: வெர்மூத் அலமாரியில் எட்டு மாதமாக இருக்கிறது, பரவாயில்லையா?

கொட்டிவிடுங்கள். அடுத்ததைச் சின்ன பாட்டிலாக வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடியுங்கள்.

கேள்வி: வெர்மூத்தை எங்கே வைப்பது?

ஃபிரிட்ஜில். மூன்றாவது முறையாக எழுதுகிறேன், தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கற்களைப் பற்றி எழுதியவன்தான். அளந்தேன். 92 மில்லி ஊற்றியது 115 ஆக வந்தது. காட்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேசாகப் புளிக்கிறது, உப்புச்சப்பில்லாமலும் இருக்கிறது.

அளந்து பார்த்ததற்கு மிக்க நன்றி. அந்த வெர்மூத்தைத் திறந்து எத்தனை நாள் ஆகிறது, பாட்டில் எங்கே இருக்கிறது?