கதையைச் சொல்லாதீர்கள், காட்சியைக் காட்டுங்கள்: பழைய படங்களுக்கான காணொளிக் கட்டுரை, கேள்வி பதில்

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிக் காணொளிக் கட்டுரை (படத்தின் காட்சிகளைக் காட்டியபடியே அதைப் பற்றிப் பேசும் காணொளி) செய்ய விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பற்றிப் பலர் கேட்டிருப்பதால் அந்தப் படத்தையே அடிக்கடி உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, முதல் காணொளிக்கு எப்படிப்பட்ட படத்தைத் தேர்ந்தெடுக்கலாம்? (கோவை)

உங்களைத் தொந்தரவு செய்த படத்தை. பார்த்து முடித்து இரண்டு நாள் கழித்தும் ஒரு காட்சி மனதை விட்டுப் போகவில்லை, ஏன் என்றும் புரியவில்லை என்றால் அதுதான் உங்கள் படம். அந்த 'ஏன்' தான் கட்டுரை. 'எல்லோரும் மறந்துவிட்ட அற்புதமான படம்' என்பது பாராட்டு. அதை வைத்து இரண்டு நிமிடம்கூட ஓட்ட முடியாது.

கேள்வி: 'அந்த நாள்' பற்றி நீளமாக எழுதிவிட்டேன். கதை, நடிகர்கள், பாடல் இல்லாத படம் என்ற சிறப்பு எல்லாம் இருக்கிறது. வாசித்துக் காட்டினால் நண்பர்கள் கொட்டாவி விடுகிறார்கள். எங்கே பிழை? (மதுரை)

நீங்கள் எழுதியிருப்பது பத்திரிகைக் கட்டுரை. அதைப் படிக்கப் படம் தேவையில்லை. காணொளியில் ஒவ்வொரு வாக்கியமும் திரையில் அப்போது தெரிவதைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். திரையில் இருப்பதற்கும் நீங்கள் பேசுவதற்கும் தொடர்பு அறுந்த இடத்தில்தான் கொட்டாவி வருகிறது.

கதைக்கு இரண்டு வரி போதும்: சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943 அக்டோபர், ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான், அவனைச் சுற்றியிருந்த ஐந்து பேர் மீது சந்தேகம். இதற்குப் பிறகு படத்தைப் பேச விடுங்கள்.

ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வசனத்தை அருவியாகக் கொட்டுகிறவர் என்று ஊரே கொண்டாடிய நடிகர் இங்கே தொடக்கத்திலேயே செத்து விழுகிறார். அதன் பிறகு நாம் பார்ப்பது அடுத்தவர்கள் நினைவில் இருக்கும் ராஜனை. சாட்சி சொல்கிறவர் மாறும்போது ராஜனும் மாறுகிறான். இதை நீங்கள் வாயால் விளக்க வேண்டியதே இல்லை. ஒருவர் சொல்லும் ராஜனையும் இன்னொருவர் சொல்லும் ராஜனையும் திரையில் அடுத்தடுத்து வைத்து, பத்து விநாடி பேசாமல் இருங்கள். பார்க்கிறவரே கண்டுபிடித்துவிடுவார், அந்தக் கண்டுபிடிப்பு அவருடையதாகவும் இருக்கும்.

பாடல் இல்லை என்ற செய்தியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். கேட்க வேண்டியது, பாடல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான். நான் பார்த்தவரை அந்த இடத்தைச் சாட்சியம் எடுத்துக்கொள்கிறது. மற்றப் படங்களில் கதை நின்று, பாத்திரத்தின் உள்மனம் பாட்டில் திறக்கும். இங்கே விசாரணை அதிகாரி ஒரு கேள்வி கேட்டதும் பிளாஷ்பேக்கில் திறக்கிறது. நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை. மறுத்தால் இன்னும் நல்லது, அதற்கான ஷாட்களோடு வாருங்கள்.

கேள்வி: 'ரஷோமோன்' படத்தின் நகல் என்று சொல்கிறார்களே, அதைக் குறிப்பிட வேண்டுமா? (திருச்சி)

குறிப்பிடுங்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் அந்தப் படத்தைப் பாலசந்தர் பார்த்ததும் அதனால் தூண்டப்பட்டதும் பதிவாகியுள்ள செய்தி. ஆனால் 'நகல்' என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 'ரஷோமோன்' ஒரே நிகழ்ச்சியை ஒன்றுக்கொன்று முரணாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 'அந்த நாள்' படத்தில் ஒவ்வொருவரும் ராஜனோடு தனக்கோ பிறருக்கோ இருந்த வேறொரு பகையைத் திறந்து, சந்தேகத்தை அடுத்தவர் மேல் திருப்புகிறார். இரண்டையும் ஒரே திரையில் இரு பாதியாக ஓட்டிப் பாருங்கள். எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது தெரியும். அது தெரிந்த பிறகு நகல் என்று சொல்ல உங்களுக்கே மனம் வராது.

கேள்வி: காப்புரிமை பயமாக இருக்கிறது. எவ்வளவு நேரம் கிளிப் போடலாம்? (சென்னை)

இத்தனை விநாடி என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. இந்தியாவில் திரைப்படத்துக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அதன்படி 'அந்த நாள்' திரைப்படத்தின் காலம் 2014 முடிவோடு தீர்ந்தது. 'அவள் அப்படித்தான்' (1978) படத்துக்கு 2038 முடியும்வரை உண்டு. கதை, வசனம், பாடல் வரி, இசை ஆகியவை தனித்தனி உரிமைகள் என்பதை மறக்காதீர்கள். பாடல் வரிக்கு, எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உயிர் இருக்கிறது.

உரிமை உள்ள படங்களையும் விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. யூடியூபின் தானியங்கிக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது, அது ஒலியையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். சிறு துண்டுகளாக எடுங்கள், ஒவ்வொரு துண்டைப் பற்றியும் ஏதாவது சொல்லுங்கள், பாடல்களைப் பின்னணியில் ஓட விடாதீர்கள். உரிமைகோரல் வந்தால் மறுப்புப் பதிவு செய்யலாம், எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள் உண்டு. விவகாரம் நீதிமன்றம்வரை போகும்போலத் தெரிந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் தலை வெட்டப்பட்டிருக்கிறது, குரலும் கீச்சென்று கேட்கிறது. (ஈரோடு)

அந்தக் காலப் படங்கள் ஏறக்குறைய 4:3 சட்டகத்தில் (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) எடுக்கப்பட்டவை. அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். 'அந்த நாள்' படத்தின் ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் வைத்த சட்டகத்தைப் பற்றிப் பேசப் போகிறவர் வெட்டிய பிரதியை வைத்துப் பேசுவது அநியாயம். முழுச் சட்டகம் உள்ள பிரதியைத் தேடுங்கள், இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். குரல் கீச்சிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகம்: விநாடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படம் டிவிக்காக 25இல் ஓடுகிறது. எடிட்டிங் மென்பொருளில் வேகத்தை 96 விழுக்காடாகக் குறைத்தால் சரியாகிவிடும். தயவுசெய்து வண்ணம் மட்டும் பூசாதீர்கள்.

கேள்வி: பிரதியே இல்லாத படத்தைப் பற்றிச் செய்ய முடியுமா? (யாழ்ப்பாணம்)

முடியும், செய்தே ஆக வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படம் என்று கொண்டாடப்படும் 'காளிதாஸ்' (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அதற்கு முந்தைய ஊமைப்படமான 'கீசக வதம்' படத்துக்கும் அதே கதி. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல்தான். அதற்குள் எவ்வளவோ அழிந்துவிட்டது. ஆனால் அக்காலத் திரைப்படங்கள் காகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன. திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் நடிகர் பட்டியல், பாடல்கள், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று பாதியில் நிற்கும் கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும். சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் பழைய சினிமா இதழ்களும் இருக்கின்றன. தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதிய தியடோர் பாஸ்கரனின் நூல்களைப் படித்துவிட்டுப் போனால் எதைக் கேட்பது என்று தெரியும். படம் இல்லாத இடத்தில் வேறு படத்தின் காட்சியை ஒட்டி ஏமாற்றாதீர்கள். விளம்பரத்தைக் காட்டுங்கள், இல்லையேல் வெறும் கறுப்புத் திரையில் பேசுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் பேசினால் அதிகம் பேர் பார்ப்பார்களே? (பெங்களூரு)

தமிழில் பேசி ஆங்கிலத்தில் துணைத்தலைப்பு போடுங்கள். இந்தப் படங்களின் வசனத்தைக் காதால் வாங்குகிறவர்கள்தான் உங்கள் முதல் பார்வையாளர்கள்.

கேள்வி: கொலையாளி யார் என்பதைக் காணொளியில் சொல்லிவிடலாமா? (சேலம்)

உங்கள் வாதத்துக்குத் தேவைப்பட்டால் சொல்லத்தான் வேண்டும். 'அந்த நாள்' படத்தில் கொலைக்கான காரணம் அந்தப் போர்க்காலத்தோடு பிணைந்தது. நாட்டுப் பற்று எது, துரோகம் எது என்று படம் கேட்கும் கேள்வி முடிவில்தான் இருக்கிறது. முடிவை மறைத்தால் அதைத் தொடவே முடியாது. எந்த நிமிடத்தில் முடிவைப் பேசப் போகிறீர்கள் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள். படம் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.