அஞ்சு புள்ளி, மூணு வரைக்கும் போதும் சார்

கேள்வி: வேலூர் கொசப்பேட்டையில் இருக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மார்கழி பிறக்கப்போகிற நேரத்தில் வாசல் வெறுமையாகக் கிடக்கிறதே என்று அவருக்கு ஏக்கம். நானே போட்டுப் பார்த்தேன். புள்ளி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. “இன்னாங்க இது, நண்டு நடந்தாப்புல கீது” என்கிறார். கலர் போட்ட சுலபமான புள்ளிக் கோலம் ஒன்று சொல்லுங்கள். ஆம்பளை கோலம் போட்டால் தெரு சிரிக்குமோ என்ற கூச்சமும் இருக்கிறது.
- பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: தெரு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு நாள் சிரிக்கும். மூன்றாம் நாள் “எத்தினி புள்ளி சார்?” என்று நின்று கேட்கும். அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, புள்ளி இழுத்துக்கொண்டு போகிறது என்ற வரி. கோடு கோணினால் கலரைத் தூவிச் சமாளிக்கலாம். புள்ளி கோணினால் அதன்மேல் எதைப் போட்டாலும் நண்டுதான். நீங்கள் மேல் வரிசையில் ஆரம்பித்துக் கீழே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாகப் போடுகிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நடுவில் வருகிற நீள வரிசையைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

பத்திரிகைக் கோலங்களின் கீழே “ஊடுபுள்ளி 5 – 3” என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடு வரிசையில் 5 புள்ளி, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 3 வந்ததும் நிறுத்து என்று அர்த்தம். ஊடுபுள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள சந்துக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி வரும். நேர்ப்புள்ளி என்றால் தலைக்கு மேல் தலையாக நிற்கும். உங்களுக்கு இந்த 5 – 3 போதும். 3, 4, 5, 4, 3, மொத்தம் 19 புள்ளி.

வீட்டு வாசலைப் பார்த்தபடி தெருப் பக்கம் நில்லுங்கள். நடு வரிசைக்கு ஐந்து வையுங்கள். இடைவெளிக்கு இடது கையின் நான்கு விரலைச் சேர்த்துத் தரையில் பதித்து அளந்துகொள்ளலாம். கண்ணளவு வருவதற்கு ஒரு மாசம் ஆகும், அதுவரை விரல்தான் ஸ்கேல். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை எட்டி வைக்காதீர்கள். உடம்பு சாயச் சாய இடைவெளியும் மாறும், உங்கள் புள்ளி இழுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். புள்ளியோடு நீங்களும் நகருங்கள். அடுத்து வீட்டுப் பக்கம் 4, 3. பிறகு பின்னால் வந்து உங்கள் பக்கம் 4, 3. வரிசைக்கு வரிசை நான்கு விரலைவிட இம்மி நெருக்கமாக இருந்தால் பூ வட்டமாக அமையும். முதல் வாரம் சாக்பீஸில் புள்ளி குறித்துக்கொண்டு அதன்மேல் மாவு வைத்தால் தப்பே இல்லை.

இனி கோடு. நட்ட நடுப் புள்ளியிலிருந்து ஆறு மூலைப் புள்ளிக்கும் ஆறு இதழ். மூலை என்பது 5 வரிசையின் இரு கோடிகளும், இரண்டு 3 வரிசைகளின் கோடிகளும். ஒவ்வொரு இதழின் வயிற்றுக்குள்ளும் ஒரு புள்ளி மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை என்றால் புள்ளியை எண்ணிப் பாருங்கள். வெளி ஓரத்தில் ஆறு புள்ளி மீந்து நிற்கும். இரண்டு இதழ்களுக்கு நடுவிலிருந்து அந்தப் புள்ளி வரைக்கும் சின்னதாக ஓர் இலை. முடிந்தது. எல்லாக் கோட்டையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகவே இழுங்கள்.

மாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கட்டை விரலை லேசாக முன்னால் தள்ளினால் தானாக இறங்கும். வெறும் பச்சரிசி மாவு நைசாக இருந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு விட்டுவிட்டு விழும். கொஞ்சம் நறநறவென்று இருக்கும் கோலமாவு பழகுகிற கைக்கு நல்லது. எறும்புக்குப் போட வேண்டுமே என்று வீட்டம்மா சொன்னால் கடைசியில் ஓரமாக ஒரு சிட்டிகை அரிசி மாவு வைத்துவிடுங்கள்.

உங்கள் வாசல் சிமெண்டா டைல்ஸா என்று எழுதவில்லை. சிமெண்ட் தரை என்றால் தெளித்த தண்ணீர் பாதி உறிஞ்சின பதத்தில் வெள்ளைக் கோடு போடுங்கள், நன்றாகப் பிடித்துக்கொள்ளும். டைல்ஸ் தண்ணீரைக் குடிக்காது. ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போட வேண்டும், தேங்கியிருந்தால் மாவு கட்டிகட்டியாகிவிடும். ஆனால் கலர் மட்டும் தரை நன்றாகக் காய்ந்த பிறகுதான். ஈரத்தில் தூவின ரோஸ் கலர் பக்கத்து இலைக்குள் ஊறிப் போய்விடும்.

கலர்ப்பொடியை அப்படியே கொட்டாதீர்கள். ஒரு பங்கு கலருக்கு மூன்று பங்கு தூள் உப்போ கோலமாவோ கலந்தால் சீராக விழும், காசும் மிச்சம். அந்தக் காலத்தில் பாலாற்று மணலைச் சலித்துக் கலப்பார்கள். இதழுக்கு ரோஸ், இலைக்குப் பச்சை, நடுப்புள்ளிமேல் ஒரு சிட்டிகை மஞ்சள். மூன்றுக்கு மேல் வேண்டாம். லாங்கு பஜாரில் பன்னிரண்டு பாக்கெட் சேர்த்துத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள், ஒரே கோலத்தில் அத்தனையும் போடச் சொல்லிக் கை அரிக்கும். கோட்டிலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளி நிரப்புங்கள். கடைசியாக வெள்ளைக் கோட்டின் மேல் இன்னொரு முறை வெள்ளை இழுத்தால் சிந்தின கலர் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும்.

மறுநாள் தண்ணீர் ஊற்றும் முன் கலரை உலர்ந்தபடியே பெருக்கி அள்ளிவிடுங்கள். நான் ஒரு பொங்கலுக்கு அள்ளாமல் கழுவி, டைல்ஸ் சந்தெல்லாம் ரோஸ் ஏறி, அது ஆடி வரைக்கும் போகவில்லை. வந்தவர்கள் எல்லாம் “என்ன கொட்டிச்சு?” என்று கேட்டார்கள்.

பத்து நாளில் கை பழகிவிட்டால் 7 – 4 போகலாம், 37 புள்ளி. பொங்கலுக்கு 9 – 5, 61 புள்ளி. குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டு ‘முக்கு’, அதாவது தெலுங்குக்காரர் கோலம், அதையும் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். வண்டி ஏற்றி இறக்கும் சாய்தளத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் பால்காரர் வண்டிச் சக்கரமே கலரைத் தெருமுனை வரை கொண்டுபோய்விடும்.

அவர் கையில் மாவுக்கட்டு, உங்கள் கையில் கோலமாவு. ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் புள்ளி எண்ணும் வேலையை அவருக்குக் கொடுங்கள். இடது கையால் ஒரே ஒரு கோடு திருத்துகிறேன் என்று குனிவார், விடாதீர்கள்.