கெலாய்டை உறைய வைத்த இடம் வெளுத்துப்போனால் வழக்கு நிற்குமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 22. காது மடலில் இரண்டாவதாகக் குத்திய இடத்தில் கெலாய்டு (காயம் ஆறிய இடத்தில் தடித்து வளரும் தழும்புக் கட்டி) வளர்ந்தது. கோவையில் ஒரு சரும சிகிச்சை மையத்தில் ‘கிரையோ (உறைய வைக்கும் சிகிச்சை) செய்தால் அடியோடு போய்விடும்’ என்றார்கள். 3 சிட்டிங்குக்கு 18,000 ரூபாய் கட்டினோம். செய்தது டாக்டர் இல்லை, அங்கே வேலை பார்க்கும் பெண். இரண்டாவது சிட்டிங்கில் கொப்புளம் வந்து, ஆறியபின் அந்த இடம் வெளுத்துவிட்டது. கட்டியும் மறுபடி வளர்கிறது. கேட்டால், ‘இன்னும் இரண்டு சிட்டிங் இலவசமாகச் செய்கிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார்கள். என்ன செய்வது? – ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்.

பதில்: அம்மா, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘சிகிச்சையில் முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் ஒரு வரி இருந்தால், நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அதைத்தான்.

கொப்புளத்தை வைத்து மட்டும் வழக்குப் போட்டால் தோற்பீர்கள். மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனால் உறைய வைத்தால் கொப்புளம் வருவது இயல்பு. நிறம் தரும் செல்கள் குளிரைத் தாங்காமல் மற்ற செல்களுக்கு முன்பே செத்துவிடும். அதனால் மாநிறத் தோலில் அந்த இடம் வெளுப்பது தெரிந்த பக்கவிளைவு; சிலருக்கு நிரந்தரமாகவே நின்றுவிடும். கெலாய்டு திரும்ப வளர்வதும் அதன் குணம். எதிர்த்தரப்பு டாக்டர் இவற்றையே சொல்வார், அதில் தவறும் இல்லை.

உங்கள் பலம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. வெளுக்கும், திரும்பவும் வரும், ஸ்டீராய்டு ஊசி போன்ற மாற்று வழிகள் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்களா? சமீரா கோஹ்லி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள் எல்லாவற்றையும் விளக்கிப் பெறுவதே செல்லுபடியாகும் சம்மதம் என்றது. விளக்காமல் வாங்கிய அச்சடித்த படிவம் அதற்கு ஈடாகாது. ‘அடியோடு போய்விடும்’ என்று வாட்ஸ்அப்பிலோ விளம்பரத்திலோ எழுதியிருந்தால் பத்திரப்படுத்துங்கள். அடுத்தது, கருவியைப் பிடித்தது யார் என்பது. எத்தனை விநாடி உறைய வைப்பது, எப்போது நிறுத்துவது என்பது தோலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. பயிற்சி இல்லாத கையில் அதை விட்டதுதான் சேவைக் குறைபாடு.

எனவே முதலில் ஆவணம் சேகரியுங்கள். கேஸ் ஷீட், சம்மதப் படிவம், ஒவ்வொரு சிட்டிங்கிலும் எத்தனை விநாடி, எத்தனை முறை உறைய வைத்தார்கள், செய்தவர் பெயர், தகுதி, டாக்டரின் பதிவு எண் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு, ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்தில் டாக்டர் ஆவணம் தர வேண்டும். ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். உங்கள் ரசீதில் எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் சரிபாருங்கள்.

அடுத்து, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவில் காட்டி, கட்டியின் அளவையும் வெளுத்த பகுதியின் அளவையும் மில்லிமீட்டரில் ஓ.பி. சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அளவுகோலை அருகில் வைத்து மாதம் ஒரு போட்டோ எடுங்கள். மையத்துக்குப் போகும் முன்பு எடுத்த பழைய படம் ஒன்று இருந்தால் அதுவும் மிகவும் உதவும்.

புகார் மகள் பெயரில் இருக்கட்டும். பணம் கட்டிய நீங்கள் இரண்டாவது மனுதாரர். மையம் கோவையில் இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பிரிவு 34-ன்படி நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. இரண்டாவது சிட்டிங் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், நிறம் திரும்புமா என்று காத்திருந்து அதைத் தவறவிட வேண்டாம். கட்டிய பணம், சரிசெய்யும் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

போலீஸ் புகாரில் அவசரம் வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் (2005) பிறகு, டாக்டர் மீது குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான அலட்சியம் தேவை. ஆனால் அங்கே பதிவு பெற்ற டாக்டரே இல்லை என்று தெரிந்தால் நிலைமை வேறு. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் பிரிவு 34-ன்படி ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அப்போது மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் புகார் கொடுங்கள்.

வக்கீல் செலவு கவலையென்றால், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 எண்ணை அழைக்கலாம்.