பதிவேடு நிரம்பியிருந்தால் ஆய்வில் தேறிவிடலாமா?

கேள்வி: முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்குப் புதிதாக மேலாளராகியிருக்கிறேன். விரைவில் ஒழுங்குமுறை ஆய்வு வரும் என்கிறார்கள். பதிவேடுகள் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பப்பட்டிருக்கின்றன. ஆனாலும் பணியாளர்கள் பயப்படுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு கட்டம்கூட விடாமல் நிரம்பிய பதிவேட்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். படுக்கையிலேயே இருப்பவர்களுக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க அவர்களைத் திருப்பிப் படுக்கவைக்கும் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். இரவு 12, 2, 4, 6 என்று எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே பேனா, ஒரே கையெழுத்தா? ஒரே நிமிடத்தில் பத்துப் பேரைத் திருப்ப எவராலும் முடியாது. பணி முடியும் நேரத்தில் மொத்தமாக எழுதியது என்பது அனுபவமுள்ள ஆய்வாளருக்குப் பார்த்ததும் புரிந்துவிடும். 1.50, 2.25 என்று முன்பின்னாக இருக்கும் பதிவுக்கே மதிப்பு அதிகம்.

விதிமுறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்டிருக்கும் தரநிலைகளை முழுதாகப் படித்துவிடுங்கள். ஆனால் எங்கே போனாலும் ஆய்வாளர் தேடுவது ஒன்றுதான்: பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருப்பதும், பணியாளர் சொல்வதும், அந்த முதியவருக்கு உண்மையில் நடப்பதும் பொருந்துகின்றனவா?

அதை நீங்களே சோதித்துவிடலாம். அதிகக் கவனிப்புத் தேவைப்படும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய பராமரிப்புத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குப் போங்கள். காற்று மெத்தை இருக்கிறது, சரி. அது எத்தனை கிலோவுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது? 45 கிலோ எடையுள்ள பாட்டியின் மெத்தை 100 கிலோவில் இருந்தால் அது இறுகிப்போய்விடும், பாதுகாப்பு தராது. குதிகால், வால் எலும்புப் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் நிறம் வெளிறவில்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. கருமையான தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். தொட்டுப் பார்த்துச் சூடு, கெட்டித்தன்மை, வலி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இதை உங்கள் பணியாளர்கள் அத்தனை பேரும் அறிந்திருப்பது அவசியம்.

அடுத்து எடைப் பதிவு. மூன்று மாதம் முன்பு 60 கிலோ, இப்போது 56 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள், பிழையே இல்லை. ஆனால் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைவது ஊட்டக்குறைவுக்கான எச்சரிக்கை. அதைப் பார்த்து யார் மருத்துவரிடம் சொன்னார்கள்? சமையலறையில் என்ன மாறியது? பெரும்பாலான இல்லங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். எழுதுகிறார்கள்; எழுதியதை யாரும் படிப்பதில்லை. வாரம் ஒருமுறை எடை, கீழே விழுதல், தோல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்து, முடிவு எடுத்து, பொறுப்பாளர் பெயருடன் குறித்து வைக்கும் பொறுப்பு உங்களுடையது.

மருந்தில் ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள்: விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் கையொப்பம். மறுத்தால் காரணத்துடன் பதிவு. கட்டம் காலியாக இருந்தால் மறுநாள் நிரப்பக்கூடாது. மருந்து கொடுக்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். குளிரில் வைக்கும் மருந்துகளுக்கான 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரம்பு மீறிய நாளில் என்ன செய்தார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். "தேவைப்பட்டால்" கொடுக்கும் வலி மாத்திரைக்கு எதற்காக, எவ்வளவு, எத்தனை மணி நேர இடைவெளியில், கொடுத்த பின் வலி குறைந்ததா என்பவை வேண்டும். மறதி நோயால் வலியைச் சொல்ல முடியாதவர் முகம் சுளிப்பாரா, உணவை மறுப்பாரா என்பதைக்கூடத் திட்டத்தில் எழுதுங்கள்.

விட்டுப்போன பதிவுகளைப் பின்தேதியிட்டு நிரப்பச் சொல்லி மேலிடம் வற்புறுத்தினால் உறுதியாக மறுத்துவிடுங்கள். தாமதமாக எழுதுவது தவறல்ல. இன்றைய தேதி, நேரம் போட்டு, "தாமதப் பதிவு" என்று குறிப்பிட்டு எழுதலாம். பொய்ப் பதிவு அகப்பட்டால் உண்மையான பதிவுகள்மீதும் நம்பிக்கை போய்விடும். இரவுப் பணியில் இருப்பவர்களால் திருப்பிப் படுக்கவைக்கும் வேலையை முடிக்கவே இயலவில்லை என்றால், குற்றம் அவர்களுடையதல்ல. யாருக்கு எவ்வளவு கவனிப்பு தேவை என்று கணக்கிட்டு, கூடுதல் ஆள் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

பயத்தைப் போக்குவதற்காகப் பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பணி மாறும் நேரத்தில் நாளுக்கு ஒரு கேள்வி போதும். ஒருவர் விழுந்து கிடந்தால் உடனே தூக்குவோமா? கூடாது, முதலில் அடியைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரின் தலையில் அடிபட்டிருந்தால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அவசர மருத்துவ உதவி தேவை. முதியவரை யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் யாரிடம் சொல்வது? மேலாளர்மீதே சந்தேகம் என்றால்? இந்தக் கடைசிக் கேள்வியை நீங்களே கேளுங்கள். புகார் சொல்ல வேண்டிய வெளி அமைப்பின் எண்ணைப் பணியாளர் அறையில் ஒட்டி வையுங்கள்.

ஆய்வு நாளில் விடை தெரியாத பணியாளர், "தெரியவில்லை, இந்தக் கோப்பில் பார்ப்பேன்" என்று சொல்லலாம். அது நல்ல பதில்தான். நீங்களே ஏற்கெனவே கண்டுபிடித்த குறைகளை, யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்ற குறிப்புடன் ஒரு தாளில் எழுதி, ஆய்வாளர் கேட்பதற்கு முன் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.